கியூ வந்தால் கலங்க வேண்டாம்: ஸ்கிராபிளில் குட்டிச் சொற்களைப் பழகும் வழி

எழுத்துக் காய்களைப் பலகையில் வைத்து ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிளை ஆடத் தொடங்கியவர் முதல் சில ஆட்டங்களில் கையிலுள்ள ஏழு காய்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, நீளமாக ஒரு சொல் தேறுமா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் தேறாது. தேறினாலும் பலகையில் அதை வைக்க இடம் இருக்காது. எதிரே இருப்பவரோ இரண்டு காய், மூன்று காய் என்று வைத்தே 30, 40 புள்ளிகளை எடுத்துக்கொண்டு போவார். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஆங்கிலப் புலமை அல்ல. இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் அவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு மாதம் முறையாக உட்கார்ந்தால் இந்த இடைவெளியில் பாதியை அடைத்துவிடலாம்.

குட்டிச் சொல் என்றால் மட்டமான ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். 2015-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே உலகப் பட்டம் வென்றார். ஆப்பிரிக்கர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. நீண்ட சொல் தெரிந்திருந்தும், இடம் பார்த்துக் குறுகிய சொல்லை வைக்கும் பாணிக்கு நைஜீரிய ஆட்டக்காரர்கள் பேர்போனவர்கள்.

எழுத்துகளை எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. இங்கே ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே பிரித்து எழுதியிருக்கிறோம். ‘டீ’ என்பது டீச்சருக்கு வரும் முதலெழுத்து, ‘டி’ என்பது டாக்டருக்கு வருவது. ‘பி’ என்று வருமிடம் பஸ்ஸின் முதலெழுத்து.

முதலில் எந்தப் பட்டியல் என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். உலகில் ஆங்கில ஸ்கிராபிளுக்கு இரண்டு சொற்பட்டியல்கள் புழங்குகின்றன. இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நைஜீரியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளின் போட்டிகள் காலின்ஸ் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் தனிப் பட்டியல். விளையாட்டின் உரிமையும் அப்படியே பிரிந்து கிடக்கிறது: அந்த இரு நாடுகளில் ஹாஸ்ப்ரோ நிறுவனம், மற்ற இடங்களில் மேட்டல் நிறுவனம். 2019-இல் ‘இ-டபிள்யூ’, ‘ஓ-கே’, ‘இசட்-இ’ மூன்றும் சேர்ந்தபோது காலின்ஸில் இரண்டெழுத்துச் சொற்கள் 127 ஆயின. அமெரிக்கப் பட்டியலில் 107.

இந்த இருபது சொல் வித்தியாசம் ஆட்டத்தில் அடிக்கடி கடிக்கும். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, வேறு பட்டியலில் இயங்கும் செயலியில் ஆடினால், ‘இசட்-ஓ’ செல்லாது என்று திருப்பி அனுப்பும். செயலியின் அமைப்புகளில் எந்த அகராதி தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் ஆடினால் முதல் காயை எடுப்பதற்கு முன்பே இருவரும் ஒரு பட்டியலை ஒப்புக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் காலின்ஸையே படியுங்கள். கீழே வருவதும் அதையொட்டித்தான். காலின்ஸில் மட்டும் செல்லும் சொல்லை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

குட்டிச் சொல் எங்கே வேலை செய்கிறது

பலகையில் ‘டீ-ஓ-என்-இ’ என்ற சொல் கிடைமட்டமாக இருக்கிறது. உங்கள் கையில் ஏ, எக்ஸ், இ இருக்கின்றன. புதியவர் அந்தச் சொல்லைக் குறுக்கே வெட்டி எதையாவது செங்குத்தாக வைக்கப் பார்ப்பார். பழகியவர் ‘ஏ-எக்ஸ்-இ’ (கோடரி) என்பதை அந்தச் சொல்லுக்கு நேர் கீழே, அதற்கு இணையாக வைப்பார். டீயின் கீழ் ஏ, ஓவின் கீழ் எக்ஸ், என்-னின் கீழ் இ. இப்போது மேலிருந்து கீழாகப் படியுங்கள்: ‘டீ-ஏ’, ‘ஓ-எக்ஸ்’, ‘என்-இ’. மூன்றும் செல்லும் சொற்கள். முதலாவது பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் ‘நன்றி’. இரண்டாவது எருது. மூன்றாவது ‘பிறப்பில் இந்தப் பெயர் கொண்டவர்’ என்று குறிக்க வருவது.

கணக்கைப் பாருங்கள். புள்ளியைப் பெருக்கித் தரும் போனஸ் கட்டம் எதுவும் இல்லாவிட்டால் கோடரிக்கு 1+8+1 = 10. கீழ்நோக்கிய மூன்றுக்கும் 2, 9, 2. மொத்தம் 23. எக்ஸ் விழும் இடம் டபிள் லெட்டர் கட்டமாக இருந்தால் அதன் மதிப்பு 16 ஆகும், அதுவும் இரண்டு திசையிலும். 18+2+17+2 = 39. அதே இடம் டிரிபிள் லெட்டராக இருந்தால் 26+2+25+2 = 55. மூன்றே காய். ஏழு காய்களையும் ஒரே முறையில் வைத்தால் கிடைக்கும் கூடுதல் போனஸ் 50 என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பக்கத்தில் ஒட்டும் ஒவ்வொரு காயும் சொல்லாக வேண்டும். ஒன்று தவறினாலும் வைத்தது முழுவதும் திரும்பிவிடும். இணையாக வைக்கும்போது மேலும் கீழும் மட்டும் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒட்டியிருக்கும் காயை மறந்துவிடுவதுதான் தொடக்கக்காரர்கள் அதிகம் செய்யும் பிழை. வைத்த பிறகு விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வரிசையையும் படித்துவிட்டுப் புள்ளி சொல்லுங்கள்.

உயிர்மெய் அட்டவணை போல ஒன்றைப் போடுங்கள்

127 சொற்களை அகர வரிசையில் உருப்போட்டால் நான்கு நாளில் மறந்துவிடும். தமிழ் படித்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி கைவசம் இருக்கிறது. ஒரு தாளில் ஐந்து ஆங்கில உயிரெழுத்துகளை மேலே எழுதுங்கள், 21 மெய்களை இடப்பக்கம் எழுதுங்கள். க, கா, கி, கீ என்று நிரப்பியதுபோல நிரப்புங்கள். செல்லும் சொல்லுக்கு எழுத்து, செல்லாததற்குப் பெருக்கல் குறி.

ஏ நெடுவரிசையை நிரப்பினால் 13 கட்டங்கள் நிறையும். சி, ஜி, கியூ, ஆர், எஸ், வி, டபிள்யூ, எக்ஸ் ஆகிய எட்டும் காலியாக நிற்கும். யூ நெடுவரிசை மிக மெலிந்தது. ஜி, எம், என், எக்ஸ், ஒய் என ஐந்தே மெய்கள்தான் யூவை ஏற்கும். எது செல்லும் என்பதைவிட எது காலி என்பது சீக்கிரம் மனத்தில் பதியும். ஆட்டத்தில் தேவைப்படுவதும் பெரும்பாலும் அதுதான். இதேபோல உயிர் முன்னால் வரும் சொற்களுக்கு இன்னொரு தாள்.

அட்டவணை முடிந்ததும், தெரியாத சொற்களைப் பொருள்வாரியாகக் கூட்டம் சேருங்கள். மேற்கத்திய இசையின் டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ ஏழும் இரண்டெழுத்தில் செல்லும். ஆனால் நம் ஸரிகமபதநி அந்தச் சலுகையைப் பெறவில்லை. ம, ப இரண்டும் அம்மா, அப்பா என்ற பொருளில் செல்லும். ஸ, ரி, க, நி செல்லாது. கிரேக்க எழுத்துகளில் மியூ, நியூ, பை, ஸை நான்கும் இரண்டெழுத்து. கணக்கும் இயற்பியலும் படித்தவர்கள் இவற்றைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளின் பெயர்களே சில சொற்கள்: எஃப் என்பது ‘இ-எஃப்’, எல் என்பது ‘இ-எல்’, எம் என்பது ‘இ-எம்’, என் என்பது ‘இ-என்’, எஸ் என்பது ‘இ-எஸ்’, ஆர் என்பது ‘ஏ-ஆர்’. ஓம் கூட ‘ஓ-எம்’ என்று செல்லும்.

ஆடுவதற்குப் பொருள் தெரிந்தே ஆக வேண்டுமா? விதிப்படி வேண்டாம். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015-இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தை வென்றார். அவருடைய நினைவாற்றல் நமக்கு இல்லை. பொருள் என்பது சொல்லை மாட்டி வைக்கும் ஆணி. ஆணி இல்லாத சொல், நேர நெருக்கடியில் ‘இது செல்லுமா, செல்லாதா’ என்ற சந்தேகமாக மாறிவிடும்.

கனமான நான்கு எழுத்துகள்

கியூவும் இசட்டும் தலா 10 புள்ளி, ஜேயும் எக்ஸும் தலா 8. பையில் இருக்கும் 100 காய்களில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். இந்த நான்கையும் குட்டிச் சொற்களில் இறக்கத் தெரிந்தால் ஆட்டம் மாறிவிடும்.

கியூவில் தொடங்குவோம். கியூ வந்ததும் யூவுக்காகக் காத்திருப்பது பழக்கதோஷம். பையில் யூ நான்குதான் இருக்கிறது, ஐ ஒன்பது இருக்கிறது. ‘கியூ-ஐ’ என்ற இரண்டெழுத்துச் சொல்லை முதல் நாளே படியுங்கள். உச்சரிப்பு ‘சீ’. சீன மருத்துவத்தில் உடலில் ஓடும் உயிராற்றல், நாம் பிராணன் என்பதற்குப் பக்கத்தில் வரும். எஸ் சேர்த்துப் பன்மையாக்கலாம். அமெரிக்கப் பட்டியலில் இது 2006-இல்தான் சேர்ந்தது. பழைய அகராதியை வைத்து ஆடும் வீடுகளில் சண்டை வருவது அதனால்தான்.

பலகையில் ‘ஆர்-ஓ-டீ-ஐ’, நம் ரொட்டிதான், கிடைமட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஐயின் நேர் மேலே ஒரு டிரிபிள் லெட்டர் கட்டம். சுற்றிலும் காலி. அந்தக் கட்டத்தில் கியூவை வைத்து, அதன் வலப்பக்கம் உங்கள் கையிலுள்ள ஐயை வையுங்கள். கிடைமட்டமாகவும் ‘கியூ-ஐ’, செங்குத்தாகவும் ‘கியூ-ஐ’. ஒவ்வொன்றுக்கும் 30+1 = 31. இரண்டு காய்க்கு 62 புள்ளி. இப்படி ஐயில் முடியும் சொற்களைக் கண் தேடிப் பழக வேண்டும்.

யூ இல்லாத மற்ற கியூ சொற்கள் தமிழ் வாசகருக்கு வெள்ளைக்காரரைவிட எளிது. ஏனென்றால் பல அரபிச் சொற்கள்; ஏற்கெனவே நம் செய்தித்தாளிலும் அரசாணையிலும் புழங்குபவை. வக்ஃபு: ‘டபிள்யூ-ஏ-கியூ-எஃப்’, வெறும் கட்டத்தில் வைத்தாலே 19 புள்ளி. காஜி: ‘கியூ-ஏ-டி-ஐ’. தலாக்: ‘டீ-ஏ-எல்-ஏ-கியூ’. பக்கீர்: ‘எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர்’. புர்கா: ‘பி-யூ-ஆர்-கியூ-ஏ’, இதில் யூ இருந்தாலும் கியூவுக்குப் பின்னால் இல்லை. குருமாகூட ‘கியூ-ஓ-ஆர்-எம்-ஏ’ என்று காலின்ஸில் உண்டு. மூன்றெழுத்தில் இரண்டை மறக்காதீர்கள்: ‘கியூ-ஏ-டீ’ என்பது ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லும் கிளர்ச்சி தரும் இலை, ‘எஸ்-யூ-கியூ’ என்பது அரபு நாட்டுச் சந்தை. இரண்டாவது, கியூ கடைசியில் வருவதால், வலப்பக்க ஓரத்தில் இடம் இருக்கும்போது கைகொடுக்கும்.

எக்ஸ் நான்கிலும் நல்ல காய். ஐந்து உயிர்களோடும் அது ஒருமுறை சேரும். ஏ, இ, ஓ மூன்றும் அதற்கு முன்னால் வரும். ஐயும் யூவும் பின்னால் வரும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் ஐந்து சொற்கள் வந்துவிட்டன: கோடரி, ‘முன்னாள்’, எருது, ஒரு கிரேக்க எழுத்து, வியட்நாமின் பழைய சில்லறை நாணயம். ‘ஐ-எக்ஸ்’, ‘யூ-எக்ஸ்’ என்று திருப்பி வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை, இரண்டும் செல்லாது. எக்ஸை 20 புள்ளிக்குக் கீழே செலவழிக்காதீர்கள். ஒரு முறை பொறுத்தால் இரு திசையிலும் எண்ணப்படும் இடம் ஒன்று கிடைத்துவிடும். பிரெஞ்சிலிருந்து வந்த ‘இ-ஏ-யூ’ பலகையில் இருந்தால் அதன் வாலில் எக்ஸ் ஒட்டும், அது தண்ணீரின் பன்மை. ‘ஜே-இ-யூ’ என்பதற்கும் அப்படியே.

இசட்டுக்கு அமெரிக்கப் பட்டியலில் ‘இசட்-ஏ’ மட்டும்தான் இரண்டெழுத்தில் உண்டு. பீட்சாவின் வாலை மட்டும் வெட்டிய கொச்சை. காலின்ஸில் கூடுதலாக ‘இசட்-இ’, ‘இசட்-ஓ’. பின்னது இமயமலைப் பக்கத்தில் யாக் எருதையும் பசுவையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பின மாடு. ‘டி-இசட்-ஓ’ என்றும் எழுதலாம் என்பதால் முன்னால் ஒரு டி ஒட்டும் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றெழுத்தில் ‘இசட்-ஏ-எக்ஸ்’ கூரைக் கற்பலகை வெட்டும் கருவி, எக்ஸும் இசட்டும் ஒன்றாகக் கையில் மாட்டும்போது 19 புள்ளி. ‘இசட்-இ-கே’ சோவியத் முகாம் கைதி. ‘எஃப்-இ-இசட்’ துருக்கிக் குல்லா. நான்கெழுத்தில் ‘ஏ-டி-இசட்-இ’, தச்சரின் வாய்ச்சி.

ஜே நால்வரில் முரண்டு பிடிப்பது. ‘ஜே-ஓ’ ஸ்காட்லாந்துப் பேச்சில் காதலர். ‘ஜே-ஏ’ காலின்ஸில் மட்டும். ஆங்கிலச் சொற்களில் ஜே கடைசியில் வருவது அரிது, இந்தியச் சொற்களும் அரபிச் சொற்களும்தான் அந்தக் குறையைத் தீர்க்கின்றன: ‘ஆர்-ஏ-ஜே’, ‘டீ-ஏ-ஜே’, ‘ஹெச்-ஏ-ஜே’. ராஜ்ஜியம், தர்வேஷ் எனும் சூஃபித் துறவிகளின் உயரமான தொப்பி, ஹஜ் யாத்திரை. சுவராஜும் கஞ்சாவும்கூடச் செல்லும்.

உயிர் மிஞ்சினால், உயிரே இல்லாவிட்டால்

பையிலுள்ள 100 காய்களில் இரண்டு எழுத்தில்லாத வெற்றுக் காய்கள், அவற்றை எந்த எழுத்தாகவும் வைக்கலாம். மற்ற 98 எழுத்துக் காய்களில் 42 உயிர்கள். ஆகவே கையில் ஐந்து உயிர் சேர்ந்து நிற்பது அடிக்கடி நடக்கும். அதை வடிக்க இரண்டும் உயிராகவே அமைந்த சொற்கள் உண்டு. ‘ஏ-ஏ’ ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை. ‘ஏ-ஐ’ என்பது செல்வது செயற்கை நுண்ணறிவின் சுருக்கமாக அல்ல, சுருக்கங்கள் செல்லாது. அது தென் அமெரிக்காவின் மூவிரல் சோம்பேறி விலங்கு. ‘ஏ-இ’ ஸ்காட்லாந்துப் பேச்சில் ஒன்று. ‘ஓ-இ’ ஃபரோ தீவுகளின் சூறைக்காற்று. ‘ஓ-ஐ’ கவனத்தைத் திருப்பும் கூப்பாடு. காலின்ஸில் ‘இ-ஏ’, ‘இ-இ’, ‘ஐ-ஓ’, ‘ஓ-ஓ’, ‘ஓ-யூ’ ஆகியவையும் சேரும்.

உயிரே இல்லாமல் மாட்டிக்கொண்டால் ‘ஹெச்-எம்’, ‘எம்-எம்’, ‘எஸ்-ஹெச்’ என்ற ஒலிச்சொற்கள். மூன்றெழுத்தில் ‘சி-டபிள்யூ-எம்’ வேல்ஸ் நாட்டுப் பள்ளத்தாக்கு, ‘என்-டீ-ஹெச்’ கணக்கில் வரும் ‘என்-ஆவது’.

வி-க்கு இரண்டெழுத்துச் சொல்லே கிடையாது. சி-க்கு காலின்ஸில் ஒன்றே ஒன்று, ‘சி-ஹெச்’. இதைப் படிக்கும்போது வருத்தம் தரும், ஆடும்போது ஆயுதமாகும். முன்னணியில் இருக்கிறீர்கள், எதிராளிக்கு இடம் தரக் கூடாது என்றால், திறந்த பக்கத்தில் வி வரும்படி வையுங்கள். அதன் பக்கத்தில் யாராலும் இரண்டெழுத்து ஒட்ட முடியாது. வி கையில் தங்கினால் ‘வி-யூ-ஜி’ (பாறைக்குள் இருக்கும் சிறு குழி), ‘ஏ-வி-ஓ’ (மக்காவ் நாணயம்) போன்ற மூன்றெழுத்துகள்தான் வழி.

எங்கே சறுக்கும்

வெற்றுக் காயை எக்ஸ் என்றோ கியூ என்றோ வைத்தால் அதற்குப் புள்ளி பூஜ்யம். ஆகவே கனமான எழுத்தாக அதை மாற்றுவது வீண். ஏழு காயும் இறக்கும் வாய்ப்புக்கு வைத்திருங்கள். எஸ் நான்குதான் இருக்கிறது. அது இல்லாமல் கிடைப்பதைவிட எட்டுப் புள்ளியாவது கூடுதலாகத் தராத இடத்தில் எஸ்ஸை இறக்க வேண்டாம் என்பது பழகியவர்கள் பிடிக்கும் கணக்கு.

போனஸ் கட்டம் முதலில் மூடுபவருக்கு மட்டுமே. அடுத்தவர் அதே காயைப் பயன்படுத்திச் சொல் செய்யும்போது அது சாதாரணக் கட்டம்தான். மனிதர் பெயர், ஊர்ப் பெயர், டிவி, ஏசி போன்ற சுருக்கங்கள் செல்லாது. ஆனால் ‘ஓ-கே’ இப்போது செல்லும். பழைய அகராதி வைத்திருப்பவர் மறுப்பார்.

எதிராளி வைத்ததைச் சந்தேகித்தால் சவால் விடலாம். செல்லாத சொல் என்றால் அவர் காய்களை எடுத்துக்கொண்டு முறையை இழப்பார். செல்லும் சொல் என்றால் தண்டனை உங்களுக்கு: அமெரிக்க முறையில் உங்கள் அடுத்த முறை போகும், பல பன்னாட்டுப் போட்டிகளில் ஒரு சொல்லுக்கு 5 புள்ளி எதிராளிக்குச் சேரும். இரண்டெழுத்துச் சொல்லைச் சவால் விடும் நிலையே வரக் கூடாது. அட்டவணையை முழுதாகப் படித்தவருக்கு வராது.

பழகும் முறை

நாள் ஒன்றுக்குக் கால் மணி நேரம் போதும். முதல் வாரம், பார்க்காமல் அட்டவணையை வெறுந்தாளில் நிரப்பிவிட்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள். தவறான கட்டங்களை மட்டும் தனியாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். இரண்டாவது வாரம் கியூ, இசட், எக்ஸ், ஜே மூன்றெழுத்துகள். மூன்றாவது வாரம் ஒட்டுகள்: ஒவ்வோர் இரண்டெழுத்துச் சொல்லுக்கும் முன்னாலும் பின்னாலும் எந்த எழுத்து சேரும் என்று எழுதுங்கள். ‘ஏ-எக்ஸ்’ என்பதன் முன்னால் எஃப், எல், எஸ், டீ, டபிள்யூ, இசட் எல்லாம் சேரும், பின்னால் இ சேரும். இது தெரியாதவர் தான் வைத்த கோடரியின் பக்கத்திலேயே எதிராளிக்கு வாசல் திறந்து வைக்கிறார். நான்காவது வாரம் தனியாக இரு கைக்கும் காய் எடுத்து ஆடுங்கள், ஒரே நிபந்தனையோடு: ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு சொல்லாவது இணையாக அமைய வேண்டும்.

பையில் காய் குறையும்போது கியூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆட்டம் முடியும்போது அது உங்கள் கையில் நின்றால் 10 கழியும், முடித்தவருக்கு 10 சேரும், இடைவெளி 20. கியூ இன்னும் வெளிவரவில்லை என்றால், ஓர் ஐயைக் கையில் நிறுத்துங்கள், அல்லது பலகையில் மேலும் கீழும் காலியாக ஓர் ஐ கிடக்கிறதா என்று கண்ணை வைத்திருங்கள். அதுவும் இல்லையென்றால், பையில் ஏழு காயாவது இருக்கும்வரைதான் மாற்றிக்கொள்ள அனுமதி. ஆறாகிவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.